அந்த விமானத்தை நான் கட்டவில்லை

விமானம் பழுது பார்க்கும் ஹாங்கரில் என்னோடு வேலை செய்த பிள்ளைகள் ஒரு வாட்சாப் குழு வைத்திருக்கிறார்கள். போன மாதம் அதில் ஒரு படம் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம், வெள்ளை உடம்பு, நீலக் கோடு. அதன் மூக்கில் கை வைத்துக்கொண்டு ஈப்போக்காரர் ஒருவர் நிற்கிறார். 'சொந்தக் கையால் கட்டியது' என்று கீழே அவரே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்குக் கோபம் வந்துவிட்டது. 'பொய் லா. இது நம்ம சன்னாசி அண்ணன் கட்டுனது' என்று ஒருவன் போட, குழுவே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டது. 'அண்ணே, நீங்களே எழுதுங்க' என்று இன்னொருவன்.

எழுதுகிறேன். ஈப்போக்காரர் அதைக் கட்டவில்லை, விலைக்கு வாங்கினார். வாங்கினவர் சொந்தக்காரர் ஆகலாம், கட்டியவர் ஆக முடியாது. பத்துக் கை மாறினாலும் முதலில் கட்டியவர் பெயர்தான் அந்த விமானத்துக்கு. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நானும் அதைக் கட்டவில்லை. செய்த வேலையை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்கிற ஆள் நான் என்று என் மனைவியே சொல்வாள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், கட்டவில்லை. அந்த விமானத்துக்கு நான் செய்தது வேறு வேலை. அதை இந்த நாட்டில் என்னைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

சுங்கை பாக்காப் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்தவன் நான். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. பிறகு பட்டர்வொர்த்தில் கார்த் தகரம் தட்டும் பட்டறை. நசுங்கிய கதவைக் கொடுத்தால் மோதினதே தெரியாமல் திருப்பிக் கொடுப்பேன். பத்தொன்பது வயதில் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்து ஹாங்கரில் எடுபிடியாகச் சேர்ந்தேன். மூன்று வருடத்தில் ரிவெட் கன் என் கைக்கு வந்தது. அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருடம் அதை நான் கீழே வைக்கவில்லை. டிப்ளோமாவோடு வந்தவர்கள் அடித்த ரிவெட்டைப் பிடுங்கிவிட்டு நான் அடித்துக் கொடுத்த கதைகள் குழுவில் இருக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். விமானத்தின் தோல் மெல்லிய அலுமினியத் தகடு. உள்ளே இருக்கிற சட்டத்தோடு அதைப் பிடித்து வைப்பவை சின்னச் சின்ன ஆணிகள், அவைதான் ரிவெட். துளைக்குள் ஆணியை நுழைத்து வெளியே இருந்து கன்னால் அடிக்க வேண்டும். உள்ளே இருந்து இரும்புக் கட்டையால் முட்டுக் கொடுக்க வேண்டும். ஆணியின் வால் நசுங்கிப் பொத்தான் மாதிரி ஆகும். குறைவாக அடித்தால் பிடிப்பு இருக்காது, கூடுதலாக அடித்தால் தகடு கெட்டுவிடும். கன் இம்மி சாய்ந்தாலும் ஆணித் தலையில் நகக்கீறல் போல வளைவாக ஒரு தழும்பு விழும். அதற்கு எங்கள் ஹாங்கரில் பிறை என்று பெயர்.

பெயர் வைத்தவர் ஜமால் சார். எங்கள் தலைமை இன்ஸ்பெக்டர், பினாங்குத் தமிழ் முஸ்லிம். "என்ன சன்னாசி, பிறை தெரியுதே, நாளைக்குப் பெருநாளா?" என்பார். அதுதான் அவர் அதிகபட்சம் பேசுகிற பேச்சு. சட்டைப் பையில் கண்ணாடி இருக்கும், போட மாட்டார். வேலையைப் பார்வையிட வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். வலது கட்டைவிரல் நகத்தை ரிவெட் வரிசை மேல் வைத்து இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார். நகம் தடுக்கிய இடத்தில் கண்ணைத் திறந்து மஞ்சள் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். ஏன் என்று சொல்ல மாட்டார். வட்டம் விழுந்த ரிவெட்டைப் பிடுங்கி மறுபடி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். திட்டியிருந்தால் மறந்திருப்போம். அந்த மஞ்சள் வட்டம் சோற்றுத் தட்டிலும் தெரியும்.

ஏழாவது வருடத்துக்குப் பிறகு என் வரிசையில் வட்டம் விழுந்ததில்லை. ஒரு நாள் என் வரிசையை நடந்து முடித்துவிட்டு, "உன் ரிவெட்டைத் தொட்டா பேர் கேக்கத் தேவையில்ல" என்றார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய சான்றிதழ் அது ஒன்றுதான். அதுவே பிறகு என்னை மாட்டிவிட்டது.

ஓய்வு பெற்ற மறு வருடம் என் மேல் வரிசைப் பல்லில் மிச்சமிருந்ததும் ஆடத் தொடங்கியது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீட்டில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் யோகேஸ்வரியிடம் போனேன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். இங்கேயே பிறந்தவர், ஆனால் பேச்சில் அந்த ஊர் வாசனை போகவில்லை. அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கலியாணம் செய்துகொள்ளவில்லை. என் வாயைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாற்காலிக் கைப்பிடியில் இருந்த என் கையைப் பார்த்தார்.

"கை ஏன் இப்பிடிக் காய்ச்சுப் போய்க் கிடக்கு?"

"ரிவெட் அடிச்ச கை டாக்டர். முப்பத்தெட்டு வருசம்."

"எதில அடிச்சனீங்கள்?"

"ஏரோப்ளேன் லா."

கையில் இருந்த கருவியைத் தட்டில் வைத்தார். "எழும்புங்கோ. வாயைக் கொப்பளிச்சிட்டு என்னோட வாங்கோ."

கடைவீடுகள் முன்பக்கம் குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். கிளினிக்கைத் தாண்டிக் கதவைத் திறந்தார். பின்கூடத்தில் ஒரு விமானத்தின் இடது இறக்கை, எலும்பும் பாதித் தோலுமாக, மர மேஜை மேல் கிடந்தது. வலது இறக்கை சுவரோரம் முடிந்து நின்றது. வால் மாடிப்படிக்குக் கீழே. உடம்பு சிம்பாங் அம்பாட்டில் ஒரு கொட்டகையில் இருக்கிறது என்றார். ஆறு வருடமாகத் தனியாகக் கட்டிக்கொண்டிருந்தாராம். பாகங்களைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கம்பெனியை மூடியே இரண்டு வருடம் ஆகிவிட்டது. ஒரு தகடு கெட்டால் மாற்றுத் தகடு உலகத்தில் கிடையாது.

அவர்தான் எனக்குச் சட்டத்தைச் சொன்னார். வீட்டில் கட்டும் விமானத்துக்குப் பறக்க அனுமதி வேண்டுமென்றால், கற்றுக்கொள்ளவோ பொழுதுபோக்காகவோ கட்டுகிற ஆள், பாதிக்கு மேல் வேலையைத் தன் கையால் செய்திருக்க வேண்டும். பெட்டியில் முடிந்து வந்த வேலை அவர் கணக்கில் சேராது. கூலிக்கு ஆள் வைத்துச் செய்ததும் சேராது. எந்த நாள் எந்த வேலை என்று நோட்டில் எழுதி, படம் எடுத்து ஒட்டி வைக்க வேண்டும். கடைசியில், கட்டியது நான் என்று சத்தியக் கையெழுத்துப் போட வேண்டும். டாக்டரின் நோட்டு ஏழு தொகுதி இருந்தது. நோயாளிகளின் பல் படங்களைக்கூட அவர் அவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கவில்லை.

"உங்கட பல்லுக்குக் காசு வேண்டாம்," என்றார். "நான் பல்லுக் கட்டித் தாறன். நீங்கள் வந்து கட்டையைப் பிடிச்சுக்கொண்டு, நான் விடுற பிழையைச் சொல்லுங்கோ. கட்டை பிடிக்கிறது வெறும் உதவி, கணக்கில வராது. கன்னைத் தொட வேண்டாம்."

சரி என்றேன். இரண்டு மாதத்தில் என் மேல் வரிசைப் பல் வந்தது. இன்றைக்கும் அதில்தான் முறுக்குக் கடிக்கிறேன்.

டாக்டர் டிரில் பிடித்தால் நான் வாயடைத்துப் போவேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல்லில் துளை போட்ட கை, தகட்டில் ஓர் இழை தவறாது. கன்தான் அவருக்கு அடங்கவில்லை. அது துள்ளும், இவர் பல்லைக் கடிப்பார், பிறை விழும். முன்னால் காத்திருக்கிற நோயாளிகளுக்கு உள்ளே இருந்து தடதடவென்று சத்தம் கேட்கும். ஒரு சீனக் கிழவர் கிளினிக் பெண்ணிடம், "உள்ளே யாருக்குப் பல் பிடுங்குறாங்க?" என்று கேட்டுவிட்டு, முறை வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

இடது இறக்கையின் மேல் தகட்டையும் டாக்டர் அடித்து முடித்தார். முந்நூற்றுச் சொச்சம் ரிவெட். பிடிப்பில் குறையில்லை, எல்லாம் அளவுக்குள்தான் இருந்தன. ஆனால் கண்கொண்டு பார்க்க முடியாது. வரிசைக்கு வரிசை பிறை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் தன் அக்கா மகள் கலியாணத்துக்காக ஒரு மாதம் யாழ்ப்பாணம் போனார். கூடத்துச் சாவியை என்னிடம் கொடுத்தார். திரும்பி வந்த மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வருகிறார் என்றும் சொன்னார்.

"யாரு டாக்டர் வர்றது?"

"ரிட்டயர் ஆன ஆள். இந்த மாதிரி விமானங்களைப் பார்க்க அவரைத்தான் போட்டிருக்கினம். ஜமால் எண்டு பேர்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நகம் இந்த இறக்கையில் நடக்கப் போகிறது. பக்கத்தில் நான் நிற்கப் போகிறேன். சன்னாசி நின்ற இடத்தில் இத்தனை பிறையா என்று அவர் கேட்காமலே கேட்பார். டாக்டர் கிளம்பிப் போன பிறகு மூன்று நாள் பொறுத்தேன். நாலாம் நாள் காலை, டிரில்லை எடுத்தேன்.

டாக்டர் அடித்த ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஒரு கையில் கன், மறு கையில் கட்டை, இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்தேன். பதினொரு நாள். முடிந்தபோது இறக்கை தண்ணீர் மாதிரி இருந்தது. டாக்டர் வந்து பார்த்தால் சந்தோஷத்தில் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்று களைப்பில் பின்கூடத்துக்கு வரவே இல்லை.

மறுநாள் காலை ஜமால் சார் வந்தார். அதே மடித்த சட்டைக் கை, அதே பென்சில். எனக்கு ஒரு தலையசைப்பு. வலது இறக்கையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். நகம் தடுக்கிக்கொண்டே போனது, ஆனால் வட்டம் போடவில்லை. "அளவுக்குள்ள இருக்கு," என்றார். டாக்டர் மூச்சு விட்டார். பிறகு இடது இறக்கைக்கு வந்தார். நாலு அடி நடந்திருப்பார். நின்றார். கண்ணைத் திறக்கவில்லை.

"சன்னாசி."

"சார்."

"இது உன் கை."

எனக்கு முதலில் வந்தது பெருமைதான், பொய் சொல்லவில்லை. இத்தனை வருடம் கழித்தும் கண்டுபிடித்துவிட்டாரே என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். அப்புறம்தான் டாக்டரைப் பார்த்தேன். அவர் இறக்கைக்குக் கிட்டே வந்து குனிந்தார். ஏழாவது நோட்டை எடுத்து, படம் ஒட்டிய பக்கத்தைத் திறந்து தகட்டின் மேல் வைத்தார். படத்தில் இருந்த பிறை ஒன்றுகூடத் தகட்டில் இல்லை.

"நான் கேட்டது உதவி," என்றார். குரல் ஏறவில்லை. "நீங்கள் என்ர இறக்கையைக் கழட்டிப்போட்டு உங்கட இறக்கையை வச்சிருக்கிறீங்கள்."

"டாக்டர், முன்னைக்கு இப்ப எவ்வளவோ நல்லா இருக்கு. சாரையே கேளுங்க. சார், சொல்லுங்க சார், நல்லா இருக்கா இல்லையா?"

"நல்லா இருக்கான்னு நான் பார்க்க வரல," என்றார் ஜமால் சார். "யார் செஞ்சதுன்னு பார்க்க வந்தேன்."

கணக்குத் தாளை எடுத்து மேஜையில் விரித்தார். பெட்டியில் வந்த வேலை ஒரு வரிசை, டாக்டர் செய்தது ஒரு வரிசை, கூலி ஆள் செய்தது ஒரு வரிசை. மூன்றாவது வரிசை அதுவரை காலியாக இருந்தது. டாக்டர் வரிசை பாதியைத் தாண்டியிருந்தது, ஆனால் மயிரிழைதான். இந்த இறக்கை மூன்றாவது வரிசைக்குப் போனால் பாதிக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் டாக்டர் கட்டியவர் இல்லை. கட்டியவர் இல்லாத விமானத்துக்கு அனுமதியும் இல்லை. ஆறு வருடம் கட்டியது அலங்காரப் பொருளாகக் கூடத்திலேயே கிடக்கும்.

"கூலி எங்க வாங்குனேன்? ஒரு காசு வாங்கல சார்," என்றேன்.

"வாயைத் திற."

திறந்தேன்.

"அது யார் கட்டுனது?"

டாக்டர், "நான்தான்," என்றார்.

நான் என்ன செய்தேன் என்றால், மேல் பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து, கணக்குத் தாள் மேல் வைத்தேன். "திருப்பிக் குடுத்துட்டேன். இப்ப கூலி இல்ல," என்றேன். பல் இல்லாமல் அது எப்படிக் கேட்டதோ.

ஜமால் சார் பல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போட்டுக்க லா. பார்க்கச் சகிக்கல," என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த அறையில் மூன்று பேர்தான். நோட்டில் படம் டாக்டர் பெயரில் இருக்கிறது. யாரும் வாய் திறக்காவிட்டால் தாள் அப்படியே போய்விடும். அதை நான் நினைத்தேன், சொல்லவும் வாயெடுத்தேன். டாக்டர் முந்திக்கொண்டார். "இதில நான் கையெழுத்துப் போட மாட்டன். நான் அடிக்காததை அடிச்சன் எண்டு எழுத ஏலாது."

"அப்ப பிரிச்சுடலாமா சார்?" என்று கேட்டேன். "நான் அடிச்சதை நானே எடுத்துடுறேன். டாக்டர் மறுபடி அடிக்கட்டும்."

ஜமால் சார் கணக்குத் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "பிரிக்கிறது கட்டுறதில சேராது. அது யார் வரிசையிலயும் வராது," என்றார். "ஆனா இந்தத் துளையில ஏற்கனவே ரெண்டு தடவை ரிவெட் போயிருக்கு. மறுபடி பிரிச்சா துளை அகண்டுடும். அகண்டா இந்தத் தகட்டை நான் விட மாட்டேன். வேற தகடு இருக்கா?"

"இல்ல," என்றார் டாக்டர்.

"சன்னாசி, உன்னால முடியுமா?"

ஹாங்கரில் இருந்த முப்பத்தெட்டு வருடத்தில் முடியுமா என்று அவர் என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முடியும் என்றேன். டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். முதல் நாள் பார்த்த மாதிரியே. பிறகு தலையசைத்தார்.

ரிவெட்டைப் பிடுங்குவது எப்படி என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும். ஆணித் தலையின் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழியில் டிரில்லை நிறுத்தி, தலையின் கனத்துக்கு மட்டும் இறக்க வேண்டும். ஓர் இழை அதிகம் இறங்கினால் தகட்டைத் தின்னும். பிறகு மெல்லிய கம்பியால் தலையை ஒடித்து, உடம்பை உள்பக்கமாகத் தள்ள வேண்டும். சரியாக அடித்த ரிவெட் லேசில் வராது. துளையை நிரப்பிக்கொண்டு பிடித்திருக்கும். என் ரிவெட் எல்லாமே சரியாக அடித்தவை. எவன் அடித்தான் இவ்வளவு இறுக்கமாக என்று என்னையே திட்டினேன். அடிக்க எடுத்தது பதினொரு நாள், பிடுங்க எடுத்தது பத்தொன்பது நாள். ஒரு நாளைக்கு இருபதைத் தாண்ட மாட்டேன். கை சோர்ந்தால் எழுந்து போய் வாசலில் காக்கி லீமா நடைபாதையில் நின்று பாலில்லாத கோப்பி ஓ ஒன்று குடித்துவிட்டு வருவேன்.

இருபதாம் நாள் ஜமால் சார் வந்தார். வெறும் துளைகள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தை வைத்து நடந்தார். பிறகு அளவுக் கம்பியை எடுத்து முந்நூற்றுச் சொச்சம் துளையிலும் விட்டுப் பார்த்தார். காலையில் தொடங்கியவர் மாலை அஸர் தொழுகைக்குப் போகும்வரை பார்த்தார். பென்சில் பையை விட்டு வெளியே வரவில்லை.

போகும்போது சுண்ணாம்புக் கட்டியை எடுத்து மேஜையைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டார். "இனி நீ இதைத் தாண்டக் கூடாது. வாயால சொல்லு. கை வேணாம்," என்றார்.

டாக்டர் அடித்தார். கிளினிக்கில் வேலை செய்யும் மலாய்ப் பெண் சித்தி கட்டையைப் பிடித்தாள். நான் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கன் சாய்வது தெரியும், தோள் தானாக முன்னால் போகும். "அங்கிள், கோடு," என்பாள் சித்தி. அந்த நாலு வாரம் பட்ட பாடு நான் ஹாங்கரில் பட்டதில்லை. ஆனால் டாக்டர் கை பழகியது. முன்பு வரிசைக்குப் பத்துப் பிறை என்றிருந்தது, இப்போது இரண்டு, ஒன்று என்று குறைந்தது. மொத்தத்தில் பதினேழு பிறை விழுந்தன. எண்ணிவிட்டேன்.

அனுமதி வந்தது. கட்டியவர் என்று டாக்டர் பெயர் பொறித்த சின்னத் தகட்டை விமானத்தில் பதித்தோம். "உங்கட பேரையும் போடட்டே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். என் பெயர் ஏற்கனவே வேறு இடத்தில் இருந்தது. ஜமால் சார் தன் அறிக்கையின் கடைசியில் எழுதியதை டாக்டர் எனக்குப் படித்துக் காட்டினார்: 'இடது இறக்கை மேல் தகட்டின் ரிவெட்டுகளைச் சன்னாசி என்பவர் அகற்றினார். துளை அளவில் மாற்றம் இல்லை.' இந்த அரசாங்கத்தில் என் பெயர் உள்ள கோப்புகள் பிறப்பு, கலியாணம், அப்புறம் இது.

டாக்டர் அதை ஒன்பது வருடம் ஓட்டினார். ஒரு தடவை என்னையும் ஏற்றிக்கொண்டு கெப்பாலா பத்தாஸ் வயல்களுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினார். போன வருடம் கண் மங்கியதால் ஈப்போக்காரருக்கு விற்றார்.

ஆகவே ஈப்போக்காரருக்கு ஒரு வார்த்தை. விமானத்தில் பதித்த பெயர்த் தகட்டைப் படியுங்கள். படித்தும் நம்பிக்கை வராவிட்டால், இடது இறக்கை மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நடங்கள். பதினேழு இடத்தில் தடுக்கும். தடுக்குகிற இடமெல்லாம் டாக்டர் யோகேஸ்வரி.

நம் பிள்ளைகளுக்கும் அதேதான். என் கை எங்கே இருக்கிறது என்று அதில் தேட வேண்டாம். முழுக்க எடுத்துவிட்டேன், ஒரு துளைகூடக் கெடாமல்.